ரம்ஷாவின் மௌத் செய்தி

பயந்தாங்கொள்ளி ஒருத்தியைக் காட்டுங்கள் என்று கேட்டால், கோட்டைமேட்டில் யாரும் யோசிக்காமல் ரம்ஷாவின் வீட்டைத்தான் காட்டுவார்கள். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். ஸ்கூட்டி வாங்கி மூன்று வருடமாகிறது. வீட்டிலிருந்து ஆர்.எஸ்.புரத்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, அந்த வண்டி கண்ட உலகம் அவ்வளவுதான். எதிரே லாரி வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போகிற ஆள். இருபத்தைந்து வயதுப் பெண் இப்படியா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவளுடைய பயங்களில் ஒன்றுக்கு மட்டும் காரணம் உண்டு. அதைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பதினோரு வயதில், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் மைக்கை யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். அப்புறம் மோதினாரின் குரல் வந்தது. இரும்புக்கடை முகமது யூசுப் மௌத்தாகிவிட்டார், ஜனாஸா தொழுகை சாயங்காலம் அஸருக்குப் பிறகு. செத்துப்போன முகமது யூசுப் என்றால் அவளைப் பெற்ற அத்தா. காலையில் அவளுக்குச் சடை பின்னத் தெரியாமல் பின்னி விட்ட அத்தா. வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்வதற்கு முன்னால் ஸ்பீக்கர் வந்து சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டால் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

வளர்ந்து, நகைக்கடை விளம்பரங்களுக்குப் படம் வடிவமைக்கிற ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். கைவேலை சுத்தம், கண்ணும் கூர்மை. அதனால்தான் ஜமாஅத் இளைஞர் அணித் தலைவர் ஜபருல்லா அவளைத் தேடி வந்தார்.

"வாட்ஸ்அப்புல ஆயிரத்தெட்டு குரூப்பு இருக்குதுங்க ரம்ஷாம்மா. எதுல என்ன வருதுன்னு ஒருத்தனுக்கும் தெரியறதில்லைங்க. நம்ம பசங்க எல்லாரும் ஒரே எடத்துல இருக்கற மாதிரி ஒரு ஆப் வேணுமுங்க" என்றார்.

புரோகிராம் எழுதுகிற உள்வேலை அவளுடைய சின்னத்தா மகன் அய்மனுக்கு, திரையில் தெரிகிற முகவேலை இவளுக்கு என்று முடிவாயிற்று. நான்கு மாதம் உட்கார்ந்தார்கள். தொழுகை நேரம், ரத்தம் கேட்பவர், கொடுப்பவர், வேலை காலி இருக்கும் இடம், நோன்புக் கஞ்சிக்கு யார் எந்த நாள் நிற்பது, எல்லாம் வந்தது. கடைசியில் மௌத் செய்தி. அது மட்டும் போனை ஊமையாக்கி வைத்திருந்தாலும் திரை முழுக்க வர வேண்டும் என்று ஜபருல்லா ஒரே பிடியாக நின்றார். ரம்ஷாவும் ஒரு பிடி பிடித்தாள். செய்தி எழுதுகிற படிவத்தில் ஒரு கேள்வி வைத்தாள்: 'குடும்பத்தாரிடம் நேரில் சொல்லியாகிவிட்டதா?' அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் யாரும் எதையும் அனுப்ப முடியாது. இனி எந்தக் குழந்தையும் குழாயடியில் நின்று கேட்கக் கூடாது. அவள் அந்த ஆப்பில் செய்த வேலையெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு கட்டம் ஒரு பக்கம்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டில் வேறொரு கூத்து. காங்கேயத்திலிருக்கும் மாமா மகனுக்கு இவளைக் கேட்டார்கள். இவள் முடியாது என்றாள். அம்மா உம்மல் குல்சும் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். "நான் மௌத்தாப் போனாலும் நீ எம் மூஞ்சியில முழிக்கக் கூடாதுடி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினார். நாற்பது நாள். தட்டில் சோறு வரும், வார்த்தை வராது. அம்மாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம். அதிர்ச்சியான சேதி எதையும் பட்டென்று சொல்லக் கூடாது என்று டாக்டர் அப்போதே எச்சரித்திருந்தார். அதனால் ரம்ஷாவும் எதிர்த்துப் பேசாமல் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை அம்மா காங்கேயத்தில் இருந்தார். மத்தியானம் பஸ் ஏறிச் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார். மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு ஆப்பை முறையாக அறிவிப்பதாக ஏற்பாடு. ஆனால் பொறுமை யாருக்கு இருக்கிறது? அதற்குள்ளேயே ஆயிரத்து அறுநூறு பேர் போனில் இறக்கி வைத்திருந்தார்கள்.

ஆபீஸில் சாப்பிட்டு முடித்துவிட்டு, மௌத் செய்திப் படிவத்தைக் கடைசியாக ஒருமுறை சோதித்துவிடலாம் என்று போனை எடுத்தாள். யார் பேரைப் போடுவது? உயிரோடிருக்கிறவர் பேரை அதில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. செத்தவர் பேரைப் போட்டு விளையாடுவதும் தப்பு. பொய்ப் பேர் வைக்கலாம் என்றால், ஊரில் எந்தப் பேருக்குத்தான் ஆள் இல்லை? வந்தால் எனக்கே வரட்டும் என்று தன் பேரையே எழுதினாள். ரம்ஷா, வயது 25, தகப்பனார் மர்ஹூம் முகமது யூசுப், ஜனாஸா தொழுகை அஸருக்குப் பிறகு. குடும்பத்தாரிடம் சொல்லியாகிவிட்டதா? டிக்.

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'சோதனை', அவளுக்கும் அய்மனுக்கும் மட்டும் போகும். மற்றது 'அனுப்பு', ஆப் வைத்திருக்கிற எல்லாருக்கும் போகும். இரண்டுக்கும் ஒரே பச்சை, பக்கத்தில் பக்கத்தில். அழகாக இருக்கிறதென்று அவளே வைத்த பச்சை. பெருவிரல் ஒரு நூல் தள்ளிப் பட்டது.

முதல் அழைப்பு ஜபருல்லாவிடமிருந்து வந்தது. "ஏனுங்க, ரம்ஷா ஊட்டுக்காரங்களா? புள்ளைக்கு என்னாச்சுங்க?" அழுகிற குரல்.

"அண்ணா, நான் ரம்ஷாதாங்க பேசறேன்."

அந்தப் பக்கம் 'யா அல்லா' என்று ஒரு அலறல், போன் கீழே விழுந்த சத்தம். வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அய்மனைக் கூப்பிட்டாள். "அத அழிச்சுப்போடு அய்மா, ஒடனே அழி!"

"போனதை அழிக்க முடியாதுக்கா. மறுப்பு அனுப்பணும்னா அதுக்கொரு படிவம் வேணும். நாம அப்படி ஒண்ணு செய்யவே இல்லியே! இரு, செய்யறேன், கொஞ்ச நேரம் குடு."

மௌத்தானவர் உயிரோடிருக்கிறார் என்று அறிவிக்க ஒரு படிவம் வேண்டியிருக்குமென்று யாருக்குத் தோன்றும்? அதற்குள் அம்மா. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் ஆப் கிடையாது. ஆனால் ஊருக்கு வாய் இருக்கிறதே. அழைத்தாள். அம்மாவின் எண் பேச்சில் இருந்தது. மறுபடியும் அழைத்தாள், மறுபடியும் பேச்சில் இருந்தது. யாரோ அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! மூன்றாம் தடவை, போன் அணைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது.

கீழ்வீட்டு அஃப்ஷீனுக்கு அடித்தாள். அந்தப் பெண் இவள் குரலைக் கேட்டதும் கத்தி, அழுது, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நாந்தான் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன். நெஞ்சு கேக்கலக்கா. பல்லடம் தாண்டிட்டோம்னாங்க. நான் சொன்னதும் ஒண்ணுமே பேசலக்கா. அழவுமில்ல. அப்புறம் லைன் கட்டாயிருச்சு."

அழவுமில்லை. ஓடுகிற பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், தலை சாய்ந்து கிடக்கிற அம்மா ரம்ஷாவின் கண் முன்னால் வந்தார். அம்மா தூங்குகிறார் என்று பக்கத்து சீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். கண்டக்டர் சிங்காநல்லூரில் வந்து எழுப்பிப் பார்ப்பார். நான் கொன்றுவிட்டேன், என் பெருவிரலால் என் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

பக்கத்து மேஜை மெர்சிதான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏ அம்மணி, பொலம்பறதுக்கு நேரமில்ல. பஸ் சிங்காநல்லூருக்குத்தானே வரும்? வண்டியெடு, நானும் வாரேன்."

"திருச்சி ரோட்டுலயா?"

"இல்ல, ஆகாசத்துல! எடு வண்டியை!"

எடுத்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், லாரியைக் கண்டால் இறங்குகிறவள் இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்து போனாள். சுங்கத்தில் ஹாரனை விடாமல் அழுத்தினாள், ராமநாதபுரம் சிக்னலில் கண்ணீர் மறைத்தது, ஒரு இடத்திலும் காலை ஊன்றவில்லை. சிங்காநல்லூருக்குச் சற்று முன்னால் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு சூலூர்ப் பக்கம் போயிற்று. "அது வேற யாருக்கோ, நீ முன்னால பாரு" என்று மெர்சி பின்னாலிருந்து கத்தினாள். மெர்சியின் விரல்கள் அவள் இடுப்பை இறுக்கியதிலேயே தெரிந்தது, அவளுக்கும் அந்த நம்பிக்கை இல்லையென்று.

பஸ் ஸ்டாண்டில் நுழைந்தபோது மணி மூன்று ஆகவில்லை. அங்கே வந்த பிறகுதான் இன்னொரு பயம் பிடித்தது. இதுவரை அம்மா பிழைத்திருந்தால், செத்துப்போன மகள் எதிரே வந்து நிற்பதைப் பார்த்தவுடன் அந்த நெஞ்சு தாங்குமா?

"நீ தூணுக்குப் பின்னால நின்னுக்கோ" என்றாள் மெர்சி. "நான் போய் மெதுவாச் சொல்லிப்போட்டுக் கூப்படறேன். தலையை நீட்டாதே."

கரூர் வண்டி ஒன்று வந்தது, அம்மா இல்லை. தாராபுரம் வண்டி வந்தது, இல்லை. கடைசியாகக் காங்கேயம் வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், மூட்டைகள் இறங்கின, கூடைக்காரி ஒருத்தி இறங்கினாள். பஸ் காலியாகிவிட்டது போலிருந்தது. அல்லாவே, அல்லாவே என்று ரம்ஷா தூணைக் கட்டிக்கொண்டாள்.

கடைசியில் அம்மா இறங்கினார். ஒரு பக்கம் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கையைப் பிடித்திருந்தார், மறுபக்கம் கண்டக்டர். மெர்சி ஓடிப் போய்க் குனிந்து என்னவோ சொன்னாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தூணுக்கு வெளியே தெரிந்த நீலத் துப்பட்டா முனையைப் பார்த்தார். கையை உதறிக்கொண்டு நேரே வந்தார்.

வந்து ரம்ஷாவின் கன்னத்தைத் தொட்டார். நெற்றியைத் தொட்டார். மூக்குக்கு எதிரே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் ஓங்கி ஓர் அறை விட்டார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அந்த அடியில் இருந்த பலத்தைப் பார்த்து ரம்ஷாவுக்கு உயிர் வந்தது.

சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மெர்சி தண்ணீர் வாங்கி வந்தாள். அம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாற்பது நாளுக்குப் பிறகு முதல் முதலாகப் பேசினார்.

"சேதி கேட்டப்ப எனக்கு அழுவ வரலை கண்ணு. மௌத்தானவங்களை நாம மன்னிச்சுரணும், பாரம் இல்லாமப் போகணும்னு அதுதான் மனசுல ஓடுச்சு. பல்லடத்துல இருந்து ஒண்ணொண்ணா மன்னிச்சுட்டே வந்தேன். சின்னதுல நீ என்னைய எதுத்துப் பேசுனது, நோன்புல ஒளிச்சு வெச்சுத் தண்ணி குடிச்சது. மாமன் மவன் வேண்டாம்னதை சூலூர்ல மன்னிச்சேன். அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அல்லாகிட்ட வாய்விட்டே சொல்லிப்போட்டேன், அவ மேல எனக்கு ஒரு கொறையும் இல்லைன்னு." மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். "இப்ப நீ உசுரோட நிக்கிற. சொன்னதைத் திருப்பி வாங்கிக்க முடியுமாடி?"

ரம்ஷா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் கேவிக் கேவி அழுதாள்.

அப்போது போனில் திரை முழுக்க ஒரு செய்தி வந்தது. அய்மன் அந்தப் படிவத்தைச் செய்து முடித்துவிட்டான். அம்மா வெடுக்கென்று அவள் மணிக்கட்டை இறுக்கினார்.

"யாருடி? இன்னொரு மௌத்தா?"

"இல்லம்மா." ரம்ஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தாள். "மர்ஹூம் முகமது யூசுப் மகள் ரம்ஷா, அல்லாவின் கிருபையால் உயிரோடு நலமாக இருக்கிறார். இன்று அஸருக்குப் பிறகு ஜனாஸா இல்லை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

"இன்னொருக்கா படி" என்றார்.