குதிரை கூப்பிட்ட கடா

மகள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, முனியாண்டிக்கு ஒரு கடா நேர்ந்துகொண்டேன். அவள் பிழைத்தாள். கடாக்குட்டியை வாங்கினேன். சிலிபினில் எங்கள் வரிசை வீட்டில் ஆடு வளர்க்க இடமில்லை. அதனால் அவள் வேலை பார்க்கும் குதிரை லாயத்திலேயே திருவிழா வரை விட்டுவைக்க ஏற்பாடு.

பத்து காஜா ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது அந்த லாயம். ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகளை அங்கே பராமரிக்கிறார்கள். அப்போது இருந்தவை இரண்டே. அதில் கிழட்டு ஆண் குதிரை வயிற்றுவலியில் செத்துப்போன வாரம்தான் என் கடா அங்கே வந்தது. மிஞ்சிய பெண்குதிரை வேலியோரம் நடந்தபடியே இருந்தது. நின்று கனைக்கும், காதை நிமிர்த்திப் பதிலுக்குக் காத்திருக்கும், மறுபடி நடக்கும். வைத்த புல் வைத்தபடி கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. மருத்துவமனை வராந்தாவில் நானும் அப்படித்தான் நடந்தேன்.

மகள் கடாவை அவிழ்த்து அதனருகே விட்டாள். மிதித்துவிடுமோ என்று எனக்குப் பயம். குதிரை தலையைத் தாழ்த்தி நெடுநேரம் மோந்து பார்த்தது. கடா அதன் காலடியில் கிடந்த புல்லைத் தின்னத் தொடங்கியது. சற்று நேரத்தில் குதிரையும் ஒரு வாய் இழுத்தது. அத்தனை பெரிய உடம்பு, தன் முழங்காலுக்கு மேல் வளராத ஒன்றுக்காக ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தது. கடா படுத்தால் அது நின்று காவல் காக்கும். நான் வளர்த்த பிள்ளையைக்கூட அவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டேனா, தெரியாது.

திருவிழா வந்தது.

"அம்மா, இத கொண்டு போனா அது மறுபடியும் பட்டினி கெடக்கும்லா," என்றாள் மகள்.

"உன் உசுருக்கு நேர்ந்ததுடி."

"நான்தான் நல்லா இருக்கேனே?"

"அதனாலதான் குடுக்கணும்."

கோவில், லாயத்தை ஒட்டிய எண்ணெய்ப் பனை மரங்களுக்கு அந்தப் பக்கம்தான். கடாவுக்குச் சாமந்தி மாலை போட்டு நிறுத்தினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சாமியின் சம்மதம். உதறாத ஆட்டை வெட்ட மாட்டார்கள். பூசாரி தெளித்த நேரம், லாயத்திலிருந்து கனைப்பு வந்தது. கடா காதை அந்தப் பக்கம் திருப்பி, அசையாமல் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை முழுச் சொம்பையும் கவிழ்த்தார். கடா குதிரைக்குப் பதில் கத்தியது. உதறவில்லை.

"காது பூரா அங்க இருக்கு, எங்க உதறும்?" பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "சாமி கேக்கல தங்கச்சி. கூட்டிட்டுப் போங்க. ஒரு சேவல் குடுங்க, போதும்."

"அண்ணே, இன்னொரு தடவ..."

"குளிப்பாட்டிக்கிட்டே இருந்தா சளிதான் புடிக்கும்."

கூட்டம் சிரித்தது. மகளும் சிரித்தாள். நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கயிற்றை விட்டதும் கடா ஓடியது. வேலியோரம் குதிரை வேர்வையில் நனைந்து நின்றது. ஈர முதுகை மோந்தது. பிறகு கழுத்து மாலையை ஒவ்வொரு பூவாகத் தின்றது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

சேவலைக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மகள் வரத் தாமதமானால், இன்றும் வாசல் கேட்டோரம் நடக்கிறேன். அவள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட பிறகுதான் என் தட்டில் சோறு போட்டுக்கொள்கிறேன்.