சாதாரணமா நில்லுங்க

அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் உடம்பால் ஒரு பொய் சொல்வார்கள். டேப்பைப் பிடரியில் வைத்த உடனே தொப்பை உள்ளே போகும், நெஞ்சு வெளியே வரும், ஆளே இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார். அந்த அளவுக்குத் தைத்தால் மறுநாளே சட்டையோடு வந்து சண்டை போடுவார்கள். மாஸ்டரம்மா ஏமாறுவாளா? "விறைப்பா நிக்காதீங்க. வீட்டுல நிக்கிற மாதிரி சாதாரணமா நில்லுங்க" என்பாள்.

சீருடை தைக்கிற அந்தக் கடையில் இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறவள் அவள். நர்சுகள், காவலாளிகள், ஓட்டல்காரர்கள் என்று அவள் டேப் படாத முதுகு குறைவு. யாருக்கு எந்தத் தோள் இறக்கம் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி! மேஜைமேல் குனிந்து குனிந்து தன் முதுகு வில்லாய் வளைந்துபோனதை மட்டும் அவள் கண்டுகொள்ளவில்லை. எப்போதோ தனக்கென்று ஒரு பழுப்புக் காகித அளவு வெட்டினாள். அதில் பின்பக்கம் முக்கால் அங்குலம் கூட்டி, முன்பக்கம் குறைத்து வைத்தாள். கூன் விழுந்தவர்களுக்கு வெட்டுகிற முறை அது. அதை வைத்தே வருஷக்கணக்காகத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. உதறினால் சரியாகும், திரும்ப வரும். ஒருநாள் பன்னிரண்டு மடிப்புத் துணியை ஒரே மூச்சில் வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி கையிலேயே இல்லாத மாதிரி இருந்தது. பார்த்தால் பன்னிரண்டு சட்டைக் கையும் குறுக்கே வெட்டுப்பட்டுக் கிடந்தன.

முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஆறு மாசம் பட்டன் தைக்கிற வேலையைப் பாரு. ஆஸ்பத்திரி ஆர்டர் வர்றதுக்குள்ள கை சரியானா மேஜை உனக்கு. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும். நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

அந்த மேஜைதான் அவள் வாழ்க்கை. பட்டன் தைக்கிற மூலையில் உட்கார்ந்து முதல் நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் அழுதாள்.

கையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். கழுத்து முன்னால் தள்ளி நரம்பு நசுங்குகிறது, மேல்முதுகுக்குப் பலம் ஏற்ற வேண்டும் என்றார். டயர் கடைக்கு மாடியில் இருந்த ஜிம்மில் போய் நின்றாள். கூடவே கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். உட்கார்ந்து இழுக்கிற மெஷினைப் பார்த்ததும் கப்பியைத் தட்டிப் பார்த்து, "அட, கேபிளு, எடை... நம்ம லிஃப்டேதான்! இதுக்கு எண்ணெய் போட்டு எவ்வளவு நாளாச்சு?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க" என்றாள் மாஸ்டரம்மா.

கோச் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். பலகையில் உட்காரவைத்து, காலை முன்னால் ஊன்றச் சொல்லி, இரண்டே தகடு எடையில் பின்னைச் செருகினாள். மாஸ்டரம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா தங்கச்சி?"

"உங்களுக்கு வளையிறதுல என்னக்கா கஷ்டம்? நிமிர்றதுதான் பாக்கி" என்றாள் கோச். சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது!

ஆனால் வேலை சிரிப்பாக இல்லை. கைப்பிடியை வயிற்றுப் பக்கம் இழுக்கச் சொன்னால் தோள் காதுவரை ஏறியது. தோளை இறக்கினால் உடம்பே பின்னால் சாய்ந்தது. "கையால இழுக்காதீங்கக்கா, முதுகால இழுங்க" என்று கோச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். முதுகுக்கு என்ன விரலா இருக்கிறது? இரண்டு வாரம் இதே கூத்துதான். கடைசியில் ஒருநாள் கோச் அவள் சட்டையின் நடுமுதுகை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள்.

"இங்க, அக்கா. ரெண்டு பக்கத்து எலும்பும் இங்க வந்து சேரணும்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? முதுகுத் துணி அதிகமா இருந்தா நடுவுல கிள்ளி ஊசி குத்துவோமே, அதுதானே!"

அவ்வளவுதான். நடுமுதுகில் துணியைக் கிள்ளுவதாக நினைத்துக்கொண்டு இழுத்தாள். தோள் ஏறவில்லை, உடம்பு சாயவில்லை, எடை மட்டும் மேலே போயிற்று. அவசரப்படாமல் திரும்ப விட்டாள். முதுகில் இப்படி ஓர் இடம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது அவளுக்கு.

வாரம் மூன்று நாள் போனாள். நான்காம் மாசம் தகடு ஐந்தாயிற்று. மரத்துப்போவது வாரத்துக்கு ஒரு முறையாகி, பிறகு அதுவும் நின்றது. ஆனாலும் பயம் போகவில்லை. பட்டன் தைப்பதும் துணி வெட்டுவதும் ஒன்றா?

ஆர்டர் வந்தது. "திங்கட்கிழமை ஒரு கோட்டு தைச்சு எடுத்துட்டு வா. உன் வெட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் முதலாளியம்மா. மாஸ்டரம்மா கடை ஆணியில் தொங்கிய தன் காகித அளவையே வைத்து வெட்டினாள். தூக்கத்தில்கூட வெட்டக்கூடிய அளவாயிற்றே. கத்தரி நழுவவில்லை, விரல் மரக்கவில்லை.

திங்கட்கிழமை காலை போட்டுப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. காலருக்குக் கீழே துணி மடிந்து உப்பிக்கொண்டு நின்றது. முன்பக்கம் மேலே தூக்கி, பட்டன் இழுத்துப் பிடித்தது. கற்றுக்குட்டிகூட இப்படி வெட்டமாட்டான்.

"கை போச்சுங்க" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவருக்குக் கோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. "போய்க் காட்டு. லிஃப்ட் நின்னுபோச்சுன்னா எங்க நிக்குதுன்னு பார்க்காம ஓடிவந்துடுவேனா நான்?" என்றார்.

கடையில் முதலாளியம்மா அவளைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னடி இது, முதுகுல மூட்டை கட்டிட்டு வந்திருக்க?"

முதலாளியம்மாவும் ஒரு காலத்தில் மெஷின் மிதித்தவர்தான். கோட்டைக் கழற்றி வாங்கி மேஜையில் விரித்தார். ஆணியில் தொங்கிய பழுப்புக் காகிதத்தை எடுத்து, அதன் மேல் வைத்து, தையலுக்கு விட்டதைக் கழித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். தோள் சரி. கழுத்து சரி. முதுகு நீளம் சரி. நூலளவுகூடப் பிசகவில்லை.

"வெட்டு சுத்தமா இருக்கு. அப்புறம் ஏன் உனக்குப் பொருந்தலை?"

இரண்டு பேரும் கோட்டைப் பார்த்தார்கள். பிறகு முதலாளியம்மா கோட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் பார்த்த முகம், இன்றைக்கு ஏனோ கொஞ்சம் உயரத்தில் இருந்தது.

"திரும்பு" என்று டேப்பை எடுத்தார்.

மாஸ்டரம்மா திரும்பி நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் முதுகில் இன்னொருவர் டேப் வைப்பது இதுதான் முதல் தடவை. பிடரியிலிருந்து இறங்கிய டேப் நடுவில் நின்றது.

"ஏய், என்கிட்டயேவா? விறைப்பா நிக்காதே. சாதாரணமா நில்லு."

"சாதாரணமாத்தாம்மா நிக்கிறேன்" என்றாள் மாஸ்டரம்மா.