மச்சாளும் ரெண்டு கோவேறு கழுதைகளும்

2009இல் என்னோடு லண்டன் பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் வேலை செய்த எக்குவடோர்ப் பெண், தன் ஊரில் நடக்கிற தன் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். என் மனுசன் கடையை விட்டு அசையமாட்டார். தனியே விடவும் மனமில்லாமல் தன் அக்காவை என்னோடு அனுப்பினார். மச்சாள் நெடுங்காலம் ஜெர்மனியில் இருந்துவிட்டு அப்போதுதான் லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருந்தார். காவலுக்கு வந்தவர்தான் குழப்படிக்குத் தலைமை தாங்கினார்.

கலியாணத்துக்கு மறுநாள், மலைச் சந்தையும் எரிமலை வாய்க்குள் இருக்கிற ஏரியும் பார்க்க ஒரு சுற்றுலா வானில் ஏறினோம். முன் இருக்கையில் ஒரு ஜெர்மன் தம்பதி. ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டுத் தங்களுக்குள் ஜெர்மனில் கதைக்கத் தொடங்கினார்கள். மச்சாள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"நாங்கள் ஏரிக்கு இறங்கினால் திரும்பி ஏறமாட்டமாம். எங்களுக்காகக் காத்திருந்தே இவையின்ர நாள் போயிடுமாம்."

"உங்களுக்கு ஜெர்மன் விளங்குமெண்டு சொல்லுங்கோவன்."

"ஏன் சொல்லுவான்? பொறும்."

சந்தையில் வெங்காயக் குவியல்களுக்கு நடுவே ஆட்டை இழுத்துக்கொண்டு போனவர்களெல்லாம் தொப்பி போட்டிருந்தார்கள். அந்த ஜெர்மன்காரிக்கு மயிலிறகு செருகிய பச்சைத் தொப்பி ஒன்று பிடித்துப்போயிற்று. ஆசையைக் காட்டாதே, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் விலை இறங்கும் என்று புருசன் ஜெர்மனில் புத்தி சொன்னானாம். அவர்கள் திரும்பி வந்தபோது தொப்பி மச்சாளின் தலையில் இருந்தது.

"வடிவோ?" என்று அவளிடமே ஆங்கிலத்தில் கேட்டார். அவள் ஓம் என்று தலையாட்டினாள், பாவம்.

மதியம் ஏரி. மேலே விளிம்பில் நின்று பார்த்தால் அடியில் தண்ணீர் அப்படியொரு பச்சை. மணல் பாதையில் சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். கீழே, ஏற முடியாதவர்களைச் சுமந்துபோக ரெண்டு கோவேறு கழுதைகள்தான் மிச்சம். ஜெர்மன்காரர் அவற்றைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போனார்கள். மச்சாள் சப்பாத்து மணலைக்கூடத் தட்டவில்லை.

"எழும்பும். படம் எடுத்துப்போட்டு வந்து இதுகளில ஏறப்போகினமாம்."

கழுதை ஒவ்வொரு அடி வைக்கையிலும் மச்சாள் "முருகா" என்றார். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் சும்மாவே மூச்சு வாங்கும்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தோம். கீழே அந்த ஜெர்மன்காரன் ஒரு கல்லில் இருந்துவிட்டான். முகம் வெளிறிப்போயிருந்தது. மனைவி பயந்துபோய் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மச்சாள் கையைக் காட்டிவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கழுதையைத் திருப்பிக்கொண்டு போய் அவன் முன்னால் இறங்கினார், நானும் பின்னால் போனேன். சுத்தமான ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் காதெல்லாம் சிவந்தது.

"என்ன சொன்னனீங்கள்?"

"ஏறும், நான் நடப்பன், எங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை எண்டனான்."

மச்சாள் நடக்க நான் சவாரி போக ஏலுமா? என் கழுதை அவளுக்குப் போனது. பிறகு நாங்கள் ஏறினோம், இருந்தோம், ஏறினோம். "வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்" என்று மச்சாள் வழி நெடுகத் தன்னையே ஏசினார். மேலே வந்து சேர்ந்தபோது வான்காரனும் மற்றவர்களும் சலித்துப்போயிருந்தார்கள். காலையில் ஜெர்மன்காரர் பயந்தபடியே எங்களுக்காக எல்லாரும் காத்துக்கிடந்தார்கள். ஆனால் அந்த ஜெர்மன்காரரே எங்களுக்காகச் சுடச்சுட உருளைக்கிழங்கு சூப் வாங்கி வைத்திருந்தார்கள்.

திரும்பும்போது அந்தப் பெண் மச்சாளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் முன்னால், அவள் புருசனோடு. பின்னால் ஓயாத ஜெர்மன். திடீரென்று ரெண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னவாம் மச்சாள்?"

"ஒண்டுமில்லை. மலை வடிவாம்."

மறுபடியும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தேன். அவன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.