கோடு விழாத கட்டை

சவரிமுத்து மேஸ்திரி அம்மாபேட்டையில் காலமாகி நான்கு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சங்ககிரி ரயிலடி மர மில்லில் அவரோடு இருந்தவர் ஒருவரும் அடக்கத்துக்குப் போகவில்லையாம். அந்த மில்லில் இருந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மில் வருமுன் அங்கே வெறும் முட்புதர். சில ஆண்டுகளில் நாற்பது குடும்பங்களுக்கு லைன் வீடுகள், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், அதற்கு வாத்தியாராக நான். அத்தனை பேருக்கும் சோறு போட்டது ஒரே ஒரு வட்ட ரம்பம். அறுக்கும்போது ஆணி பட்டு உடையாமல் அதைக் காத்தவர் மேஸ்திரி. பேயோட்டுகிறவர்கள் மரத்தில் அறைந்த ஆணியைப் பட்டை வளர்ந்து மூடிவிடும். ஆனால் துணியில் மை ஊறுவதுபோல உள்ளே கருநீலக் கறை பரவியிருக்கும். மேஸ்திரி கட்டையைச் செதுக்கிப் பார்ப்பார். கறை இல்லையென்றால் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். கோடு விழாத கட்டை ரம்பத்துக்குப் போகாது.

யுத்த காலத்தில் ஒரு பெரிய புளியங்கட்டை வந்தது. மேஸ்திரி கறையைக் கண்டு கோடு போட மறுத்துவிட்டார்.

"ஏனுங்க மேஸ்திரி, வேதக்காரருக்குமா பேய் பயம்?" என்று, அவர் கிறிஸ்தவர் என்பதை வைத்து ரம்பக்காரர்கள் சிரித்தார்கள்.

"பேய் வந்தா ஊட்டுக்குக் கூட்டிப்போயிச் சோறு போடறனுங்க. ஆணி வந்தா உங்க சோறு போயிருமுங்க."

ராணுவத்துக்கு அவசரம் என்று முதலாளி அறுக்கச் சொன்னார். ரம்பம் சிதறியது. யுத்தம் முடியும்வரை சீமையிலிருந்து வேறு ரம்பம் வர வழியில்லை.

முதலில் மறுத்தாலும் பிறகு மேஸ்திரியே கோடு போட்டுக் கொடுத்த கட்டைதான் அது என்றார் முதலாளி, மறுநாள் காலையில். எல்லாரும் போய்ப் பார்த்தோம். மிச்சக் கட்டையில் கோடு இருந்தது. குனிந்து தொட்டேன். முந்தின நாளே காய்ந்திருக்க வேண்டிய சுண்ணாம்பு, ஈரமாக விரலில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சம்பளம் முதலாளி கொடுப்பது. பள்ளிக்கூட மணி அடிக்கப் போய்விட்டேன்.

அவர் வீட்டுப் பானைகளைத் தெருவில் எறிந்தவர்கள் நாம்தான். "நாப்பது ஊட்டு அடுப்பையும் அணைச்சுப்போட்டியே!" என்று கத்தியதும் நாம்தான். ஆறு மாதத்தில் லைன் வீடுகள் காலியாயின. கிடைத்த கூலிக்கு ஆளுக்கொரு திசையாகப் போனோம்.

யுத்தம் முடிந்தபின் ஒருமுறை அம்மாபேட்டையில் அவரைப் பார்த்தேன். தறிக்குக் கட்டை செதுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க சாமி" என்று முக்காலியைத் தூசி தட்டிப் போட்டார். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வாத்தியாரய்யா, அந்தக் கோடு ஈரமாத்தானுங்களே இருந்துச்சு?"

"ஞாபகமில்லீங்க, மேஸ்திரி."

"செரிங்க. காப்பித்தண்ணி குடிக்கறீங்களா?"

உண்மை பேசுவதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனை உதாரணங்கள் சொல்லியிருக்கிறேன்! அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான்.

ஈரமாகத்தான் இருந்தது. அந்தக் கட்டையில் அவர் கோடு போடவில்லை.