ஃபேன் சத்தத்தைக் குறைக்க நான் பட்ட பாடு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சத்தம் போடும் என்பதே எனக்கு நான்கு வருடமாகத் தெரியாது. சிரிக்காதீர்கள். ராசிபுரத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. பக்கத்து வீட்டில் ஆறு, எதிர்வீட்டில் எட்டு, பின்பக்கம் எத்தனை என்று எண்ணிப் பார்த்ததில்லை. இரவும் பகலும் தறி ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கக் காதோரம் போய்க் கத்த வேண்டும். இதில் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி உறுமுவது யாருக்குக் கேட்கப்போகிறது? சேலை பார்டருக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதற்காக வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் அது. முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. ஓடுகிறது, சூடாகவில்லை. அதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்?

மாதம் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் காக்கா கத்துவது காதில் விழும். எனக்கு அந்த நாளே பிடிக்காது. தறி நின்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது, வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தவள் என் மனைவி.

அவள் வாய்விட்டு நன்றாகப் படிப்பாள், நல்ல குரல். நாமகிரிப்பேட்டையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒப்புவித்தல் போட்டி, பேச்சுப் போட்டி என்று எதையும் விட்டதில்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் படித்ததெல்லாம் கேஸ் சிலிண்டர் குறுஞ்செய்தியும் என் மருந்துச் சீட்டும்தான். போன வருடம், செல்போனில் கதைகளை ஒலியாகக் கொடுக்கும் ஒரு நிறுவனம் குரல் தேடுகிறது என்று எங்கேயோ பார்த்திருக்கிறாள். என்னிடம் கேட்காமலேயே எழுதிப் போட்டுவிட்டாள். அவர்களும் ஓர் அத்தியாயத்தை அனுப்பி, படித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

“இந்தத் தெருவுல உக்காந்து என்னத்தப் படிப்பே?” என்று கேட்டேன்.

“கரண்ட்டு நிறுத்துற அன்னைக்குப் படிச்சுக்கறனுங்க. இன்வெர்ட்டர் இருக்குதில்லீங்களா?” என்றாள்.

எனக்கு அது தோன்றியிருக்காது. எங்கள் இன்வெர்ட்டர் கம்ப்யூட்டரை மட்டும் ஓட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும். அந்த நாள் வந்தது. ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். இன்வெர்ட்டர் எப்போது கைவிடும் என்று யாராவது பார்க்க வேண்டாமா? ஒன்பது மணிக்குத் தெருவே அடங்கியது. அப்போதுதான் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது பாருங்கள், கொர்ரென்று ஒரு சத்தம். அட சனியனே, நான்கு வருடமாக என் காலடியில் மாவு மில்லா ஓடிக்கொண்டிருந்தது!

அந்தச் சத்தத்தோடேயே படித்து முடித்து, வெட்டி ஒட்டத் தெரியாததால் பதிவானதை அப்படியே அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. குரல் மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் பின்னணியில் இடைஞ்சலான சத்தங்கள் கேட்கின்றன, ஒரு மாதத்துக்குள் மறுபடி ஒரு முறை அனுப்பலாம், அதுவும் சரியாக வரவில்லை என்றால் வேறு குரலைப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. ஆசைப்பட்டு அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்.

“ஃபேன்தான்! அந்த ஃபேன்தான் கெடுத்துருச்சு. நீ கவலைப்படாத புள்ள, நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் அதற்குள் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டு போய்விட்டேன். அந்தப் பதிவை நானும் போட்டுக் கேட்டிருக்கலாம்தான். தறி ஓடும்போது ஸ்பீக்கரில் இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை, விட்டுவிட்டேன். அடுத்த மின் நிறுத்தத்துக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

முதலில் வாங்கியது திருகு வைத்த கண்ட்ரோலர். பெட்டியின் முகப்பில் பொருத்திக்கொள்வது, ஃபேனுக்கு ஒன்றாக மூன்று திருகு. நம் வீட்டு மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரிதானே, இதில் என்ன வித்தை இருக்கிறது என்று நினைத்தேன். இன்டர்நெட்டில் பார்த்தேன், படம் நன்றாக இருந்தது, வரவழைத்தேன். மூன்றையும் குறைத்து வைத்தேன். தறி ஓடும்போது ஃபேன் சத்தம் குறைந்ததா என்று எப்படித் தெரியும்? தறி மெக்கானிக்குகள் பேரிங்கைச் சோதிக்க ஸ்க்ரூடிரைவர் நுனியை மெஷினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார்கள். நானும் அதே மாதிரி மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு காதை வைத்தேன். சத்தமே இல்லை. ஆகா, சுலபமாக முடிந்துவிட்டதே என்று எழுந்து டிசைன் போட உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் திரை கறுத்துப்போனது. திறந்து பார்த்தால் இரண்டு ஃபேன் சுற்றவே இல்லை. மின்சாரத்தை ரொம்பக் குறைத்தால் இந்த ஃபேன்கள் மெதுவாகச் சுற்றாது, நின்றே போய்விடுமாம். நின்றுபோனதை யாருக்கும் சொல்லவும் சொல்லாது. தறியில் ஓர் இழை அறுந்தால் தறி தானாக நின்று நம்மைக் கூப்பிடும். இது உள்ளேயே வெந்துகொண்டு கம்மென்று இருந்திருக்கிறது. பாதி போட்ட மயில் பார்டர் ஒன்று அன்றைக்குப் போச்சு. அந்தக் கண்ட்ரோலரைக் கழற்றி எறிந்த வேகத்தில் ஒரு திருகு கட்டிலுக்கு அடியில் ஓடியது, இன்னும் கிடைக்கவில்லை.

“ஏனுங்க, அதை உடுங்களேன்” என்றாள் அவள்.

“உடறதா? உனக்காகத்தானே இத்தனையும் பண்ணிட்டிருக்கறேன்?” என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது, தானாகவே சூட்டைப் பார்த்து வேகத்தை மாற்றிக்கொள்வது. நீல வெளிச்சத்தில் எண் எல்லாம் காட்டியது. இதையாவது ஒழுங்காகச் சோதிப்போம் என்று, தறிக்காரர்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்துக்காகத் தினமும் காத்திருந்தேன். தெரு கொஞ்சம் அடங்கும், நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன். சூடு ஏறினால் ஃபேன் எகிறும். எகிறினால் சூடு இறங்கும். உடனே ஃபேன் படுத்துக்கொள்ளும். மறுபடி சூடு, மறுபடி எகிறல். ஒரே மாதிரி உறுமினால்கூடக் காது பழகிவிடும், இது நிமிடத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விட்டது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் அந்தப் பெட்டியை ஓர் உதை விட்டேன். காலில்தான் அடி. பதினோரு நாள்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சேலத்துக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் உட்கார முடியவில்லை, படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் சந்து. நான்காவது கடையில் ஒரு பெண் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தாள், முப்பது வயது இருக்கும். நான் மூச்சு விடாமல் என் கதையைக் கொட்டினேன். அவள் தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

“அண்ணா, கண்ட்ரோலரே கெட்டுப்போச்சுன்னா ஃபேன் என்ன ஆகணும்? நிக்கணுமா, முழு வேகத்துல ஓடணுமா?”

இது என்ன கேள்வி என்று எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தேன். “ஓடத்தான் வேணும்” என்றேன்.

“அதைத்தான் மொதல்ல பாக்கணும். வெளிச்சம், திருகு எல்லாம் அப்புறம்.”

நான்கு கம்பி உள்ள ஃபேன்களையும், அவற்றுக்கான ஒரு சின்ன சர்க்யூட் அட்டையையும் எடுத்து வைத்தாள். அட்டைக்குக் கரண்ட் நேரே பவர் சப்ளையிலிருந்து போகும். எவ்வளவு வேகம் என்கிற தகவல் மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து தனிக் கம்பியில் வரும். அந்தத் தகவல் வராமல் போனால் ஃபேன் முழு வேகம் பிடிக்கும், சத்தம் போட்டு ஊரைக் கூட்டும், ஆனால் எதுவும் வேகாது. அவளே அந்தக் கம்பியைப் பிடுங்கிக் காட்டினாள், ஃபேன் சீறியது. சூடு கொஞ்சம் ஏறியதுமே பதறாமல், சில விநாடி பொறுத்து வேகத்தை மாற்றும்படி கம்ப்யூட்டரிலேயே சொல்லி வைக்கலாம் என்றும் சொன்னாள். பதிவு செய்யும் நேரத்தில் ஒரே நிலையில் நிறுத்தியும் வைக்கலாமாம். எனக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது.

மாட்டினேன். பத்து நாள் ஓட்டினேன். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன், மெல்லிய காற்றுச் சத்தம், அவ்வளவுதான். சூடும் ஏறவில்லை.

மின் நிறுத்த நாள் வந்தது. ஒன்பது மணிக்குத் தறிகள் அடங்கின. ஜன்னலைச் சாத்தினோம். இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரைப் போட்டேன். நம்ப மாட்டீர்கள், ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இரு, இரு, பழசையும் புதுசையும் வெச்சுக் கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும்” என்று சொல்லி, போன மாதப் பதிவை எடுத்துக் காதில் ஹெட்போனை மாட்டினேன். அவள் வேண்டாம் என்பது போலக் கையைத் தூக்கினாள். நான் கவனிக்கவில்லை.

ஃபேன் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. தூரத்தில் ஒரே மாதிரியாக, மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல், குரலுக்கு அடியில் அடங்கிக் கிடந்தது. கதையில் ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நிற்கும் இடம் வந்தது. என் மனைவியின் குரல் அப்படி இறங்கி வந்தது. அங்கே ‘ச்சு’ என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தி, மூச்சை இழுத்து, அதே வரியை மறுபடி படித்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி அதே வரி. விரல் சொடுக்கும் சத்தம் டக்டக்கென்று ஐந்தும் கேட்டது. மறுபடி. பிறகு ஆண் குரல், தெளிவாக: “முடிஞ்சுதா?”

அது என் குரல்.

எங்கள் தெருவில் சத்தம் என்றால் மெஷின் போடுவது. மனுசன் போடுவதைச் சத்தக் கணக்கில் சேர்க்கும் வழக்கமே எங்களுக்கு இல்லை. இத்தனை வருடம் அந்தத் தறிச் சத்தத்துக்குள் நான் என்னவெல்லாம் முணுமுணுத்தேன், எத்தனை தடவை சலித்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. ஹெட்போனைக் கழற்றினேன்.

“உனக்கு இது தெரியுமா புள்ள?”

“மெயில் வந்த அன்னைக்கே தெரியுமுங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல? நான் சேலத்துக்கும் இங்கியுமா அலைஞ்சுட்டுக் கிடந்தேனே!”

“சொன்னாக் கோவிச்சுக்குவீங்க. கோவிச்சுக்கிட்டா மூணு நாளைக்கு ஊடு ஊடா இருக்காதுங்க.”

“நானா கோவிச்சுக்குவேன்?” என்று கத்தினேன்.

அடங்கிக் கிடந்த தெருவில் அது எப்படிக் கேட்டது தெரியுமா? எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். என் மனைவி பயப்படவில்லை. கையில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அவளுக்கு வேறு நாள் கிடையாது.

இன்னும் நாலு வார்த்தை வாயில் வந்து நின்றது. விழுங்கினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருமுனை வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். ஒருமுறை ஜன்னல் பக்கம் போய்க் கேட்கலாமா என்று கால் இழுத்தது. போகவில்லை. ஒன்றரை மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பதிவு தேறிவிட்டது என்று பிறகு மெயில் வந்தது, இப்போது அவள் மூன்றாவது புத்தகம் படிக்கிறாள். அதெல்லாம் இருக்கட்டும். அன்றைக்கு அவள் கதவைத் திறந்தபோது நான் முதலில் கேட்டது, “ஃபேன் சத்தம் கேட்டுச்சா?” என்றுதான்.

“இல்லீங்க” என்றாள். வேர்த்து வழிந்த முகம் அப்படி மலர்ந்திருந்தது. “சீக்கிரமே படிச்சு முடிச்சுட்டனுங்க. அப்புறமும் கொஞ்ச நேரம் சும்மாவே உக்காந்திருந்தேன். ஒண்ணுமே கேக்கலீங்க. எத்தனை நல்லா இருந்துச்சு தெரியுமுங்களா!”