எதற்கும் உதவாத சுவிட்ச்

எலக்ட்ரீஷியன் வேலையில் ஷாக் அடிப்பது பெரிய கஷ்டம் இல்லை; அடுத்தவர் வீட்டுக் கூரைக்குள் பார்த்த ஒயரை மனசிலிருந்து இறக்கி வைக்க முடியாததுதான் கஷ்டம். கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார்கள். நான் மேடைக்குப் பின்னால் சீரியல் செட்டுக்கு இழுத்திருக்கும் ஒயரைப் பார்ப்பேன். போன மாதம் வடபழனியில் ஒரு பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் எழுந்து போய் ஆடிக்கொண்டிருந்த ஒரு பிளக்கைச் சரியாகச் சொருகிவிட்டு வந்தேன். என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பழைய வீட்டில் குடியிருக்கும் புண்ணியவான்களே, உங்கள் நிலைமையும் இதுதான் என்று எனக்குத் தெரியும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாமல்தான் நாம் எல்லோரும் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுக்கிறோம்.

அடையாறில் சாம்பார்

அடையாறில் ஒரு வீடு. சமையலறையில் புகை இழுக்கும் சிம்னி ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் படுக்கையறையில் எப்போதும் சாம்பார் வாசனை. எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து ஃபில்டரைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையை நகர்த்தி டார்ச் அடித்தேன். சிம்னியின் குழாய் வெளிச்சுவர் வரைக்கும் போகவே இல்லை. பாதி வழியில், கட்டிலுக்கு நேர் மேலே வாயைத் திறந்துகொண்டு நின்றது. சுற்றிலும் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. அந்தப் பிசுக்குக்கு நடுவில் டேப் உரிந்த நாலு ஒயர் ஜாயின்ட்.

டார்ச்சை அணைத்தேன். ஒரு பொறி போதும், படுக்கையறையே போயிருக்கும். இறங்கி வந்து வீட்டுக்காரரிடம் பதறிப் பதறி விளக்கினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பிச் சொன்னார்: "அப்ப படுத்த உடனே எனக்குப் பசிக்கிறது வியாதி இல்லடி."

தானாக நிற்கும் ஃபேன்

நான் சொல்ல வந்த வீடு மயிலாப்பூரில், மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தது. வாசலில் இருந்த இரட்டைத் தேக்குக் கதவில்கூட இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. இடது பாதியில் சபாபதி சார் இருக்கிறார். வயது அறுபத்தைந்து, தனி ஆள். சின்ன பில்டர்களுக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறவர். மாடியில் இருக்கும் ஒற்றை அறையில்தான் வரைவதும் படுப்பதும். அந்த அறைக்கு மேலே பலகை சீலிங், அதற்கு மேலே மங்களூர் ஓடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம். வெயில் நாளில் அங்கே சேருகிற சூடு பலகை வழியாக நேராக அவர் தலையில்தான் இறங்கும். அதை வெளியே தள்ள ஓட்டுக்கடியில் முக்கோணச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருந்தார்கள். காலை ஆறரைக்குப் போட்டால் பொழுது சாய்ந்துதான் அணைப்பார்.

அந்த ஃபேன் தானாக நின்றுவிடுகிறது என்பதுதான் புகார். சுவிட்ச் கீழே இருந்தால் மேலே தள்ளுவார், ஓடும். கொஞ்ச நேரத்தில் நிற்கும். மறுபடி கீழே தள்ளினால் ஓடும். நான் கண்டென்சரை மாற்றினேன். சுவிட்சை மாற்றினேன். மூன்றாவது தடவை ஃபேனையே மாற்றினேன். அதுவும் என் கண்ணெதிரிலேயே நின்றது. பேயோ பிசாசோ என்று அலுத்துக்கொண்டேன். சார் ஸ்கேலைக் கீழே வைக்காமல் சொன்னார்: "என் பிளான்ல பேய்க்கு ரூம் கிடையாதுப்பா. வேற காரணம் பாரு."

ஊதுவத்தி

அடுத்த தடவை பாஷா பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். ராயப்பேட்டைக்காரர். தச்சு வேலை, கொத்து வேலை இரண்டும் தெரியும். இருபது வருஷமாக என்னோடு கூரைக்குள் தவழ்கிறார். சீலிங்கில் இரண்டு பலகையைக் கழற்றி மேலே ஏறினோம். உள்ளே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தினேன். புகை ஃபேன் பக்கம் போகவேண்டும். போகவில்லை. அப்படியே நின்றது. ஏன் என்று டார்ச் அடித்தால் புரிந்தது. பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர் ஓடு வரைக்கும் போயிருந்தது. ஒரே கூரையாக இருந்தபோது அந்தக் கோடியில் நுழைந்த காற்று இந்தக் கோடியில் வெளியே போயிருக்கும். இப்போது நுழைய வழியில்லை. எதை இழுத்து எதை வெளியே தள்ளும் ஃபேன்?

ஆனால் என்னைப் பயமுறுத்தியது காற்று இல்லை. ஃபேனிலிருந்து கிளம்பிய துணி சுற்றிய பழைய ஒயர் ஒன்று அந்தச் சுவரையே துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போயிருந்தது. விரலால் தொட்டேன். மேல் தோல் அப்பளமாக நொறுங்கியது. கீழே காய்ந்த பலகை. பாஷா பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னா நைனா இது, காத்துக்கு வயி இல்ல, ஒயருக்கு மட்டும் வயி வுட்டு கீறாங்க."

பக்கத்துப் பாதி

பக்கத்துப் பாதியில் இருப்பது சபாபதி சாருடைய தங்கை கல்யாணி அம்மா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் தனி ஆள்தான். இருவரும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. பாகப்பிரிவினைக்கு பிளான் போட்டதே சபாபதி சார்தான். நடுவில் வருகிற ஒன்பதங்குலச் சுவரை முழுக்க முழுக்கத் தங்கையின் பாகத்தில் வரைந்துவிட்டார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் கேட்டதில்லை. சண்டை அங்கேதான் ஆரம்பம்.

லைன் செக் பண்ண வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். கூடத்துச் சுவரில் ஒரு பழைய போர்டு. அதில் தனியாக ஒரு கறுப்புச் சுவிட்ச், பக்கத்தில் மிளகு அளவில் ஒரு சிவப்பு விளக்கு. "இது எதுக்கும்மா?" என்றேன். "எதுக்கும் இல்ல. சிவப்பு எரிஞ்சா கண்ண உறுத்தும், அணைச்சிடுவேன். மறுபடி தானா எரியும்" என்றார். எனக்குத் தலையில் பல்ப் எரிந்தது. வீடு ஒன்றாக இருந்த காலத்தில் அது மாடிப்படி விளக்கின் கீழ்ச் சுவிட்ச். மேலே ஒன்று, கீழே ஒன்று, எதில் வேண்டுமானாலும் போட்டு அணைக்கலாம். படி அண்ணன் பக்கம் போனது, கீழ்ச் சுவிட்ச் தங்கை பக்கம் தங்கிவிட்டது. விளக்கு போனபிறகு எவனோ ஒரு மகராசன் அதே லைனில் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டியிருக்கிறான். சுவரை அங்குலக் கணக்கில் வரைந்த சார், ஒயரை வரைய மறந்துவிட்டார்.

சிவப்பு எரிந்தால் ஃபேன் ஓடுகிறது என்று அர்த்தம், நீங்கள் அணைப்பது உங்கள் அண்ணன் தலைக்கு மேலே ஓடுகிற அந்த ஃபேனை என்றேன். கல்யாணி அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "மேல அவ்வளவு சூடா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். நான் சமயம் பார்த்து, காற்று வர சுவரின் உச்சியில் நாலு கல் எடுக்கவேண்டும், உங்கள் பக்கத்து முக்கோணச் சுவரில் புறாவுக்காக அடைத்த பலகையையும் திறக்கவேண்டும் என்றேன். யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கோ. சுவர் மொத்தமும் என் இடத்துலதான நிக்குது, யாரையும் கேக்க வேணாம்."

அடுத்த வாரம்

பாஷா பாய் நாலு கல்லை எடுத்து, எலி வராமல் வலை அடித்தார். ஊதுவத்திப் புகை சாய்ந்து ஃபேன் பக்கம் ஓடியதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. ஒரு நிமிஷம்தான். அந்த நொறுங்கிய ஒயர் இன்னும் அங்கேயே கிடக்கிறதே. சபாபதி சாரிடம் விஷயத்தைச் சொல்லி, பக்கத்து வீட்டுக்குப் போகிற லைனை இன்றைக்கே வெட்டிவிடுகிறேன் என்றேன். "இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம்" என்றார். அடுத்த வாரம் மழை வரும் போலிருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரம் ஒரு பிளானை முடித்துக் கொடுக்கவேண்டும் என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மந்தைவெளியில் இருக்கிற என் கடைக்கு அந்தச் சந்து வழியே இல்லை. ஆனாலும் தினமும் அதில் வண்டியைத் திருப்பி ஓட்டுக்கூரையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். புகை வந்தால் நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. ஆனாலும் பார்ப்பேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்திவிட்டேன். வீடு பற்றிக்கொண்டால் உங்கள் பிளானையா போர்த்திக்கொண்டு ஓடுவீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "முன்னல்லாம் நான் போட்டா அவ அணைப்பா. ஒரு மாசமா அணைக்கறதே இல்ல. அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, மூர்த்தி?"

சிவப்பு எரியாத காலை

அக்னி நட்சத்திரம். கிண்டி எஸ்டேட்டில் ஒரு வேலையில் இருந்தேன். காலை எட்டு மணிக்கு போன். கல்யாணி அம்மா. "சிவப்பு எரியல" என்றார். ஃபியூஸ் போயிருக்கும், மத்தியானம் வருகிறேன் என்றேன். "ஆறரைக்குப் போடுவான். ஒரு நாள் தப்பினதில்ல. மணி எட்டாச்சு" என்றார். ஒரு மாதமாக அணைக்காமல் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்களே போய்க் கதவைத் தட்டுங்களேன் என்றேன். "நான் எப்படிப் போறது?" என்றார். சரி, பாஷா பாயை அனுப்புகிறேன், ஃபியூஸாகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அவர் விடவில்லை: "முப்பது வருஷம் போர்டுல லைட்டப் பார்த்தவ நான். எரிய வேண்டியது எரியலன்னா ஃபியூஸ் இல்லப்பா, ஆளு."

வண்டியை நான் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. சைதாப்பேட்டை சிக்னலில் ஹாரனை அடித்துக்கொண்டே நின்றேன். போய்ச் சேர்ந்தபோது சந்தில் கூட்டம். பாஷா பாய் வருவதற்கு முன்பே கல்யாணி அம்மா சமையலறை உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து அண்ணன் வீட்டுக் கதவை இடித்துக்கொண்டிருந்தாராம். பாய் தாழ்ப்பாளைப் பெயர்த்திருக்கிறார். உள்ளே மாடிப்படிக்குக் கீழே சபாபதி சார் கிடந்தார். விடியற்காலையில் இறங்கும்போது கால் தவறி, இடுப்பு எலும்பு முறிந்து, நகரமுடியாமல் மூன்று மணி நேரம். போன் மாடியில். கத்தியிருக்கிறார். ஒன்பதங்குலச் சுவர், நல்ல கலவை போட்டுக் கட்டியது, ஒரு சத்தம் போகவில்லை. அந்த வெயிலில் சாயங்காலம் வரை கிடந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் உள்ளே நுழைந்தபோது தங்கை அவர் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அழுதுகொண்டேதான் விட்டார். ஏழு வருஷம் கழித்து அண்ணன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தையை நானும் பாயும் கேட்டோம்: "பர்மா தேக்கு கல்யாணி அது. கொஞ்சம் மெதுவா இடிச்சிருக்கலாம்."

திருத்திய பிளான்

சார் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் என்னிடம் அடுத்த வாரம் என்று சொல்ல ஆள் இல்லை. பழைய ஒயர் அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன். புதுப் பைப், புது ஒயர், புது எர்த். எல்லாம் முடிந்து கடைசியாகக் கூடத்துச் சுவிட்சுக்கு வந்தேன். சட்டப்படி ஒரு வீட்டுக் கரண்ட் இன்னொரு வீட்டுக்குள் போகக்கூடாது. கழற்றிவிட்டு ஓட்டையை மூடவேண்டும். கல்யாணி அம்மா பக்கத்தில் வந்து நின்றார். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். நான் அந்தச் சுவிட்சுக்கும் பைப் போட்டு, தனி ஃபியூஸ் வைத்து, புதுச் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினேன். யாராவது கேட்டால் இதற்கு நான் கையெழுத்துப் போடமுடியாது.

சார் வாக்கரோடு திரும்பி வந்தார். இனி மாடி ஏறமுடியாது. வரைகிற மேஜையைப் பாஷா பாய் கீழே இறக்கிக் கொடுத்தார். மாடிச் சுவிட்சையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார் சார். மேலேதான் யாருமே இல்லையே, ஃபேன் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. போன வாரம் டெஸ்ட் பண்ணப் போனேன். கல்யாணி அம்மா இட்லி கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் பழைய பாகப்பிரிவினை பிளானை சார் புதிதாக வரைந்து வைத்திருந்தார். சுவருக்கு நடுவில் கோடு, ஆளுக்குப் பாதி. சுவரைத் தாண்டி ஒரு சிவப்புப் புள்ளிக்கோடு, நம் ஒயர். கல்யாணி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். போகிற போக்கில் சொன்னது: "இப்பவும் என் பக்கத்துலேருந்துதான் ஒரு அங்குலம் ஜாஸ்தி போயிருக்கு."

அடுத்த நிமிஷம் மேலே ஃபேன் நின்றது. இத்தனை தடவை போய்வந்த அந்த வீட்டில் நான் இன்னும் சரி செய்யாத ஒரே கோளாறு, முதல் நாள் என்னை எதற்குக் கூப்பிட்டார்களோ அதுதான்.