இரண்டு டிஸ்க், ஒரு பொன்னையா

பதுளை பஜாரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருந்த அந்த ஸ்டூடியோவில் படம் எடுக்கிறவர் பிலிப்பு. ஆனால் முகங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர் மனைவி லூசியாதான். கறுப்பு வெள்ளைக் காலத்தில் மெல்லிய தூரிகையால் மருவை மறைத்து, ஒட்டிய கன்னத்தை நிரப்பி விட்டவள், கம்பியூட்டர் வந்த பிறகு அதே வேலையை மவுஸால் செய்தாள். என் மனுஷி எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள் என்று பிலிப்பு ஊரெல்லாம் பெருமை பேசுவார். அவளுக்கோ அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கடைசிவரை விளங்கவில்லை. விளங்காத ஒன்றை நம்பிப் பிழைப்பு நடத்துகிறோமே என்ற பயம் உள்ளுக்குள் எப்போதும் இருந்தது.

தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அந்த ஸ்டூடியோவால் ஒரு தனிக் காரியம் ஆகவேண்டியிருந்தது. உயிரோடு இருக்கையில் தனக்கென்று படம் எடுத்து வைக்கிறவர்கள் லயத்து வரிசை வீடுகளில் குறைவு. ஆள் போன பிறகுதான் கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று தேடுவார்கள். இந்த மனுஷன் யார் வீட்டுக் கல்யாணத்தில் நின்றார், எந்தச் சடங்கில் பந்தி பரிமாறினார் என்று யோசித்துக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறுவார்கள். லூசியா அந்தக் கல்யாணத்தைத் தேடியெடுத்து, கூட்டத்திலிருந்து அந்த ஒரு முகத்தைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுப்பாள். பிறந்தது முதல் டை கட்டி அறியாத மனுஷர்களெல்லாம் அவள் கையால் கோட்டும் டையுமாகத்தான் மேலே போனார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு மழை நாளில் ரெங்கம்மா வந்தாள். பெரகலவுக்குக் கீழே ஒரு தோட்டம். கொழுந்து எடுக்கிறவள். புருஷன் பொன்னையா தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தவர், போன வாரம் தவறிப்போனார்.

"படம்னு ஒண்ணுமே இல்லீங்கம்மா. ஐடென்டி காடு கூட அவரு எடுக்கல. கணக்கப்புள்ள ஐயா மக கல்யாணத்துல வாசல்ல நின்னாரு, வாழ மரத்துக்குப் பக்கத்துல. இந்த ஐயாதான் படம் புடிச்சாரு."

பிலிப்பு தலையாட்டினார். "ஆமா, வாசல எடுத்தேன். ஒருத்தர் நின்னாரு, ஞாபகம் இருக்கு."

"அப்ப இருக்குங்க. கருமாதிக்கு முந்தின நாள் வந்து வாங்கிக்கிங்க" என்றாள் லூசியா. திறந்து பார்க்காமலே சொன்னாள். ரெங்கம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். லூசியா கம்பியூட்டரைப் போட்டாள். உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது.

கம்பியூட்டர் திருத்துகிற றோயைக் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான், உடனே நிறுத்தினான்.

"அக்கா, டிஸ்க் கடைசி மூச்சுல இருக்கு. இனி ஆன் பண்ணாதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவ வாசிக்கும்னு வச்சிக்கிங்க. அதுக்குள்ள புதுசா ரெண்டு டிஸ்க் போட்டு வைப்போம். ஒண்ணுல எழுதறது தானா இன்னொண்ணுலயும் விழும், கண்ணாடி மாதிரி. ஒண்ணு செத்தாலும் மத்தது நிக்கும். அத ரெடி பண்ணிட்டு, பழசுல இருக்கிறத ஒரே மூச்சுல இறக்கிருவோம்."

இதுவரை லூசியாவுக்கு விளங்கியது. இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. இரண்டு டிஸ்க்கையும் கட்டி மேய்க்க ஒரு கார்ட் வாங்க வேண்டும், கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருகிறேன் என்று றோய் சொல்லிக்கொண்டிருக்கும்போது பத்மநாதன் உள்ளே வந்தார். மாகாண அலுவலகத்தில் கம்பியூட்டர் பகுதிக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்து மனுஷன், பதுளைக்கு வந்து வருஷக்கணக்காகிறது. பாஸ்போட் படத்துக்கு வந்தவர், வந்த காரியத்தை மறந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கார்ட் ஒண்டும் தேவையில்லை, பிள்ளை. எங்கட ஒஃபீஸில ஓடுற சேர்வர் விண்டோஸில அந்த வசதி சும்மா கிடக்கு. அதைப் போட்டால் அதுவே ரெண்டிலயும் எழுதும். நாளைக்கு உந்தக் கார்ட் பழுதாப் போனால் அதே மாதிரிக் கார்ட்டுக்கு எங்க போவியள்? டிஸ்க் ரெண்டும் நல்லாயிருக்கும், ஆனா வாசிக்க ஏலாது."

"சேர், விண்டோஸே படுத்துச்சுன்னா?" என்றான் றோய். "கார்ட் தனி ஆளு சேர். விண்டோஸ் இருந்தா என்ன, செத்தா என்ன, அது பாட்டுக்கு வேலை செய்யும். அக்கா படத்தத் திருத்திக்கிட்டு இருக்கறப்ப விண்டோஸுக்கு இந்த வேலையும் குடுத்தா பெட்டி இழுத்துக்கிட்டு நிக்கும்."

"உந்த விலைக்கு வாற கார்ட்டெல்லாம் பேருக்குத்தான் கார்ட், தம்பி. உள்ளுக்குப் பாத்தால் அதுவும் கம்பியூட்டரிட்டத்தான் வேலை வாங்குது."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதுதான் கொடுமை. ஒருவர் பொய் சொன்னால் மற்றவரை நம்பலாம். இரண்டு கெட்டிக்காரர்களும் மெய்யையே சொன்னால் கேட்கிறவள் எங்கே போவாள்? றோய் வந்துவிட்டுப் போனால் கார்ட்தான் என்று முடிவு செய்வாள். பத்மநாதன் டீ குடிக்க வந்து போனால் ஐயோ, கார்ட் பழுதாகிவிட்டால் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். புருஷனிடம் கேட்டால், "நீ சொல்றதுதான்" என்றார். நான் எதையுமே சொல்லவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. நிறுத்தி வைத்த பெட்டி மேசையில் கிடந்தது. அதற்குள்ளே எங்கேயோ பொன்னையா வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இவள் ஒரு முடிவுக்கு வராமல் அவரை வெளியே எடுக்க முடியாது. கருமாதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில், மனுஷரால் ஆகாததைச் சாமியிடம் விட்டாள். திருவுளச்சீட்டுப் போட்டார்கள். 'கார்ட்' என்று ஒன்று, 'விண்டோஸ்' என்று ஒன்று, பிலிப்பு எழுதி மடித்து அந்தோனியார் படத்துக்கு முன்னால் போட்டார்.

"அவருக்கு கம்பியூட்டர் தெரியுமாங்க?" என்றாள் லூசியா.

"காணாமப் போனத தேடிக் குடுக்கறவரு அவருதானே. எடு."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். கார்ட் வந்தது. அந்தோனியார் றோய் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட பத்மநாதன் சிரித்துக்கொண்டே, "அப்ப நான் என்னத்தைச் சொல்ல?" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கார்ட் வந்தது, டிஸ்க்குகள் வந்தன. றோய் பெட்டிக்குள் பொருத்திப் பூட்டினான். பழைய டிஸ்க் டக் டக் என்று இழுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் கண்ணை மூடியது. ஒரு கல்யாணம் கூடப் பழுதில்லை. லூசியா சிலுவை போட்டுக்கொண்டு கணக்கப்பிள்ளை மகள் கல்யாணத்தைத் திறந்தாள்.

வாசல் இருந்தது. வாழைமரம் இருந்தது. மரத்துக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"இல்லியே, எடுத்தேனே" என்றார் பிலிப்பு. படங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆல்பம் போடும்போது கணக்கப்பிள்ளை வந்து இந்தக் கதிரையில்தான் உட்கார்ந்தார். வாசல் படத்தில் கிழிந்த கோட்டோடு ஒருத்தன் நிற்கிறான், பார்க்க நல்லாயில்லை, எடுத்துவிடுங்கள் என்றார். கல்யாண வீட்டார் இப்படிக் கேட்பது வழக்கம், இவள் செய்வதும் வழக்கம். மழை பெய்து சேறான முற்றத்தையும் பந்தலையும் வெட்டி ஒட்டி அந்த ஆளை மூடினாள். அதே படத்தின் மேலேயே சேமித்தாள். பிலிப்பு கமராவில் இருந்ததை எப்போதோ அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

றோயிடம் ஓடினாள். "தம்பி, அந்த மத்த டிஸ்க்குல பாரேன். அதுலயாவது இருக்குமா?"

"அக்கா, இதுல என்னவோ அதுதான் அதுலயும். அதுக்குத்தானே போட்டோம்."

பத்மநாதனிடம் கேட்டாள். "சேர், நீங்க சொன்ன மாதிரி போட்டிருந்தா இருந்திருக்குமா?"

"அதிலயும் இருந்திராது, பிள்ளை. நீங்கள் அழிச்சால் எல்லாம் சேர்ந்து அழிக்கும். ரெண்டும் உங்கட சொல்லைத்தான் கேக்கும்."

இத்தனை நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் எதற்காகக் குழம்பினோம் என்று அவளுக்கு அழுகை வந்தது. ஒருவர் இல்லாத படத்தைப் பத்திரமாக இரண்டு பங்காக்கி வைத்திருக்கிறாள்.

கருமாதிக்கு முந்தின நாள் ரெங்கம்மா சொன்னபடி வந்தாள். கையில் ஒரு பை தேயிலைத் தூள், ஸ்டூடியோ அம்மாவுக்கு. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பிலிப்பு ஆரம்பித்தார். லூசியா அவரை நிறுத்தி, கம்பியூட்டருக்கு முன்னால் ரெங்கம்மாவை உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். "நான்தான் அழிச்சேன். யாருன்னு தெரியாம அழிச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

ரெங்கம்மா கோபப்படவில்லை. கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம். அவள் கண்ணாடித் திரையில் மூக்கு படும்படி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாழைமரத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

"இந்தா இருக்காரே."

லூசியா அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். காய்ந்த வாழைச்சருகு என்று நினைத்து அவள் விட்டுவிட்ட பழுப்பு. சருகு அல்ல, கை. மரத்தைச் சுற்றிப் பிடித்திருந்த கை. ஒரு விரலின் நுனி இல்லை.

"ஃபெக்டரி மிசின்ல போன வெரலு. அன்னிக்கு என்னா காத்துங்கறீங்க! கட்டின மரம் நிக்கல. தாலி கட்டி முடியற வரைக்கும் அவருதான் புடிச்சிக்கிட்டு நின்னாரு. சாப்புடக்கூட வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மொகம் எனக்குத் தெரியுங்கம்மா. இந்தக் கையப் பெருசாக்கிக் குடுங்க, போதும்."

லூசியா எத்தனையோ பேருக்குக் கோட் போட்டிருக்கிறாள். அந்தக் கையில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அப்படியே பெரிதாக்கி, சட்டம் போட்டு, தானே பெரகல வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த நாள் லயத்தில் அந்தக் கைக்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள்.

அதன் பிறகு அவள் எந்தப் படத்தையும் திருத்துவதற்கு முன்னால் வந்தபடியே ஒரு சீடியில் எழுதி அலுமாரியில் வைப்பாள். கார்டா, விண்டோஸா என்று றோயும் பத்மநாதனும் பிறகும் வருஷக்கணக்காக வாதாடினார்கள். அவள் டீ ஊற்றிக் கொடுப்பாள், ஒரு பக்கமும் சேரமாட்டாள்.

அடுத்த வருஷம் கணக்கப்பிள்ளை வந்தார். மகளுக்கு இன்னொரு ஆல்பம் வேண்டுமாம். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் வாசல் படத்தில் நிறுத்தினார்.

"இங்க பாருங்க, மரத்துல ஒரு கை தெரியுது. அதையும் எடுத்துருங்க."

"முடியாதுங்க" என்றாள் லூசியா.

"ஏன்?"

"அத எடுத்தா மரம் விழுந்துருங்க."